சரக்கறைக்குள் இருந்தவர்கள்: மெரடித் விக்ரறி கப்பல் பற்றிய எழுத்துக்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

கப்பல்களுக்கென்று ஒரு எழுத்து வகை உண்டு. கடற்படைகளின் ஆவணத் தொகுப்புகளிலும் ஓய்வுபெற்ற மாலுமிகள் தமக்குள் வெளியிடும் மலர்களிலும் அதனைக் காணலாம். எந்தத் தளத்தில், எந்த ஆண்டு கட்டப்பட்டது. எத்தனை அடி நீளம். எந்தத் திகதியில் எந்தத் துறைமுகத்தை விட்டது, எதை ஏற்றியது, எதை இறக்கியது. எந்த ஆண்டு பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. துருப்புக்காவிக் கப்பல், சரக்குக் கப்பல் என்றால் குறிப்பு இன்னும் சுருங்கிவிடும். அவை பெரிய சண்டை எதுவும் பிடித்ததில்லை, ஏற்றி இறக்கியவைதானே. இதற்குப் பக்கத்தில் மாலுமிகளின் ஞாபகங்கள் வரும்: சமையற்காரனின் குணம், புயலடித்த ஒரு இரவு, கப்டன் சொன்ன சொல். இதையெல்லாம் இலக்கியம் என்று எவரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. நான் எடுப்பதற்குக் காரணம், இந்த எழுத்துக்குள் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி வந்துபோகிறார்கள். 'ஏற்றியது' என்ற வினைக்குச் செயப்படுபொருளாக வந்துபோகிறார்கள்.

நான் வேலைசெய்வது பாரிசில் ஒரு றெஸ்ரோறண்ட் குசினியில். அங்கே ஒரு கொரியரும் வேலைசெய்கிறார். அவர் மீன் வெட்டுகிறார், நான் கோப்பை கழுவுகிறேன். இருவருக்கும் பொதுவான பிரெஞ்சு இருநூறு சொல் தேறினால் பெரிய காரியம். ஒரு ஞாயிறு இரவு வேலை முடிந்து பின்வாசலில் நின்று சிகரெட் பற்றவைக்கும்போது, நீ இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டார். முதலில் கப்பல், பிறகு விமானம், பிறகு லொறி என்று நான் விரலை மடக்கினேன். அவர் கப்பல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய அம்மம்மாவும் கப்பலில் வந்தவர்தான் என்றார். எங்கிருந்து என்றேன். ஹங்நாம் என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம், எங்களில் ஒருவர் தன் ஊர்ப்பெயரை வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லும் விதமாகவே இருந்தது. மற்றவருக்கு விளங்காது என்று தெரிந்துகொண்டே, ஆனாலும் எழுத்து எழுத்தாக.

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். கம்பசை இடைநடுவில் விட்டவன் நான். ஆனாலும் விட்ட இடத்தில் கொஞ்சம் ஆங்கிலம் மிஞ்சியிருந்தது.

ஹங்நாமில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950 இன் இலையுதிர்காலத்தில் ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ் அமெரிக்கப் படைகளும் தென்கொரியப் படைகளும் வடகொரியாவுக்குள் வெகுதூரம் ஏறிப்போயின. சீனப் படைகள் எல்லையைக் கடந்து வந்து நொவெம்பர் கடைசியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியதும், ஜாங்ஜின் நீர்த்தேக்கப் பகுதியில் நின்ற படைகள் உறைபனிக்குள் பின்வாங்கிக் கிழக்குக் கரையிலுள்ள ஹங்நாம் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்தன. டிசெம்பரில் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் படையினரையும் 17,500 வாகனங்களையும் கடல்வழியே அகற்றினார்கள். படைகளுக்குப் பின்னால் மக்களும் துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். ஐக்கிய நாட்டுப் படைகள் நின்ற சில வாரங்களில் அவற்றுக்கு வேலைசெய்தவர்கள், கிறிஸ்தவர்கள், பழிவாங்கப்படுவோம் என்று பயந்தவர்கள். இன்னொரு பயமும் இருந்தது. அணுகுண்டைப் பாவிப்பதும் யோசனையில் உள்ளது என்று ஜனாதிபதி ட்ரூமன் நொவெம்பர் 30 இல் பத்திரிகையாளரிடம் சொல்லியிருந்தார். வடக்கில் அணுகுண்டு விழப்போகிறது என்ற கதை சனங்களிடையே பரவியிருந்தது.

எஸ்.எஸ். மெரடித் விக்ரறி 1945 இல் லொஸ் ஏஞ்சல்சில் கட்டப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அமெரிக்கா அவசரமாகக் கட்டிய ஐந்நூறுக்கு மேற்பட்ட 'விக்ரறி' வகைச் சரக்குக் கப்பல்களில் ஒன்று. அவற்றில் பலவற்றுக்குக் கல்லூரிகளின் பெயர் வைத்தார்கள். இதற்கு வட கரோலைனாவிலுள்ள மெரடித் என்ற பெண்கள் கல்லூரியின் பெயர். 455 அடி நீளம். ஐந்து சரக்கறைகள். கப்பலில் வேலைசெய்பவர்கள் 47 பேர், அதற்கு மேல் 12 பயணிகளுக்குத்தான் இடம். யுத்தம் முடிந்தபின் கட்டிவைத்திருந்ததை 1950 இல் மறுபடி எடுத்து ஓடவிட்டார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது கடற்படைக் கப்பல் அல்ல. கடற்படையின் போக்குவரத்துச் சேவைக்காக ஓடிய வணிகக் கப்பல். ஆகவே இராணுவ அதிகாரிகள் அதன் கப்டனுக்குக் கட்டளையிட முடியாது, கேட்கத்தான் முடியும்.

கேட்டார்கள். கப்டன் லெனாட் லறூ, 1914 இல் பிலடெல்பியாவில் பிறந்தவர், ஏற்றக்கூடிய அளவு ஏற்றுகிறேன் என்றார். டிசெம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் முற்பகல்வரை சனங்களை ஏற்றினார்கள். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளில் நிற்கவைத்து, பாரந்தூக்கியால் தூக்கி, சரக்கறைக்குள் இறக்கி, மேலே பலகை போட்டு, அதற்கு மேலே அடுத்த அடுக்கு. ஐந்து சரக்கறைகளும் நிரம்பியபின் மேற்தளம். 14,000 பேர். உணவில்லை, தண்ணீரில்லை, வைத்தியரில்லை, மொழிபெயர்ப்பாளரில்லை, கீழே வெளிச்சமில்லை, சூடில்லை. துறைமுகத்துக்கு வெளியே கடற்கண்ணிகள். டிசெம்பர் 24 இல் பூசானுக்கு வந்தபோது அங்கே அகதிகள் நிரம்பிவிட்டார்கள் என்று இறக்க விடவில்லை. தெற்கே கோஜே தீவுக்குப் போகச்சொன்னார்கள். நத்தாருக்கு அடுத்தநாள், 26 ஆந் திகதிதான் சனங்கள் இறங்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. ஐந்து குழந்தைகள் பிறந்திருந்தன.

இந்தப் பயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் உள்ள முக்கியமான புத்தகம் பில் கில்பேட் எழுதி 2000 ஆம் ஆண்டு வெளிவந்த 'அற்புதங்களின் கப்பல்'. முன்னுரை எழுதியவர் அலெக்சாண்டர் ஹேக். ஹங்நாமில் தளபதி அல்மண்டின் இளம் உதவியாளராக நின்றவர், பின்னாளில் அமெரிக்காவின் வெளிவிவகாரச் செயலாளரானவர். புத்தகத்தின் முதுகெலும்பு கப்பல்காரர்களின் ஞாபகம். குறிப்பாக அன்று இளம் அதிகாரியாகவும் பிற்காலத்தில் வழக்கறிஞராகவும் இருந்து, 2022 இல் இறக்கும்வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்த றொபேட் லணியின் ஞாபகம்.

முதலில் இந்தப் புத்தகத்துக்கும் இந்த மாலுமிகளுக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் விமர்சனங்களில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, 'இது வெள்ளையனின் பார்வை' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு எழும்பிப்போவது. மாலுமிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பார்த்தபடி இருக்கிறது, அதுவும் ஐம்பது வருடங்களுக்குப் பிறகு. ஒரு இடத்தைச் சொல்கிறேன். கப்பலின் அடியில் முந்தைய பயணத்தில் இறக்கி முடிக்காத 300 தொன் ஜெட் விமான எரிபொருள் பரல்களில் இருந்தது. அந்தப் பரல்களுக்கு மேலேயும் சனங்கள். குளிர் தாங்காமல் சிலர் அந்தப் பரல்களின் மேலேயே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். கண்டுவிட்ட மாலுமிகள் ஓடிப்போய் நிறுத்தச் சொல்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கொரிய மொழி தெரியாது. கையால், முகத்தால், சத்தத்தால் சொல்லவேண்டியிருந்தது.

இந்தக் காட்சியை நான் பலமுறை திரும்ப வாசித்தேன். மாலுமியின் பக்கத்திலிருந்து பார்த்தால், அறியாத சனம் முழுக் கப்பலையும் வெடிக்கவைக்கப் பார்த்தது. அந்தப் பயம் நியாயமானது. சரக்கறைக்குள் இருந்து பார்த்தால்? நெடுநேரம் குளிரில் கிடந்து, பிள்ளையின் கை விறைத்துவிட்டதென்று எங்கிருந்தோ பொறுக்கிய நாலு சுள்ளியைப் பற்றவைத்த ஒரு தாய். திடீரென மேலிருந்து ஒரு வெளிநாட்டான் இறங்கிவந்து கத்துகிறான், நெருப்பை மிதிக்கிறான். ஏன் மிதிக்கிறான் என்று அவளுக்கு விளங்கியிருக்குமா? பரலில் என்ன எழுதியிருந்தது என்று வாசிக்க அவளுக்கு வெளிச்சமாவது இருந்ததா? புத்தகம் இந்தப் படிக்கட்டில் இறங்குவதில்லை. மாலுமி இறங்கிய அளவுதான் புத்தகமும் இறங்குகிறது, அவன் மேலே வரும்போது தானும் மேலே வந்துவிடுகிறது.

கப்டன் லறூ பிற்காலத்தில் சொன்னவற்றிலும் இந்தத் தூரம் இருக்கிறது. அவர் துறைமுகத்தைத் தொலைநோக்கியால் பார்த்தார். சனங்கள் தம்மால் இயன்றதைச் சுமந்தும் இழுத்தும் கொண்டு, பிள்ளைகளோடு கரையில் நிற்பதைக் கண்டார். மனம் இளகித்தான் பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கப்பலைப் பற்றிய எழுத்தெல்லாம் அந்தத் தொலைநோக்கிக்குள்ளாகத்தான் தொடங்குகிறது. கரையில் நின்றவர்களுக்கு அந்தக் கப்பல் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு வசனம் தேடிக் களைத்துப்போனேன்.

அடுத்தது பெயர்கள். கப்பலில் பிறந்த ஐந்து குழந்தைகளுக்கும் மாலுமிகள் கிம்ச்சி 1, கிம்ச்சி 2 என்று 5 வரைக்கும் இலக்கமிட்டார்கள். கிம்ச்சி என்பது கொரியரின் ஊறுகாய் மாதிரியான கோவாச்சாப்பாடு. மாலுமிகளுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு கொரியச் சொற்களில் அதுவும் ஒன்று. செல்லமாகத்தான் வைத்தார்கள். ஐந்தாவது குழந்தை வளர்ந்து கோஜே தீவிலேயே மிருக வைத்தியராகி, வயதுபோன மாலுமிகளைச் சந்தித்து, அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டவர். அவர் ஏற்றுக்கொண்டதை நான் இங்கேயிருந்து மறுப்பது அழகல்ல. எங்கள் குசினியில் என்னை எவரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு முன்னர் அதே இடத்தில் கோப்பை கழுவிய தமிழ்ப்பொடியனின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் போய் ஆறு வருடமாகிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன். ஆகவே கிம்ச்சி 5 ஏன் சிரித்தார் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

முதலாவது குழந்தையின் கதை வேறு. அந்தக் குழந்தையின் பெற்றோர் ஹங்நாமை விடும்போது மூத்த பிள்ளைகள் இரண்டு பேரை உறவினரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்கள் ஏராளம். கப்பலின் பதிவேட்டில் பிறப்பு ஐந்து, இறப்பு பூச்சியம். அந்தத் தாய்க்குக் கணக்கு அப்படி வரவில்லை. ஒன்று கூடி, இரண்டு குறைந்தது. கப்பலின் வரலாறு எழுதுபவர் இதைப் பொய்யென்று சொல்லமாட்டார். ஆனால் அவருடைய படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. ஏறியவர்களுக்கு 14,000 என்று ஒரு உருட்டிய எண்ணாவது இருக்கிறது. கரையில் நின்று கைவிடப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. 24 ஆந் திகதி துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

'அற்புதம்' என்ற சொல்லோடுதான் எனக்குப் பெரிய தகராறு. லறூ 1954 இல் நியூ ஜேர்சியிலுள்ள ஒரு பெனடிக்ற் சபை மடத்தில் சேர்ந்து, மரைனஸ் சகோதரர் என்ற பெயரோடு 2001 இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மடத்தின் கடையில் வேலைசெய்தார், தான் செய்ததைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கடவுளின் கைதான் கப்பலைச் செலுத்தியது என்று அவர் சொன்னால் அது அவருடைய விசுவாசம், அவருடைய தாழ்மையும் கூட. அதே சொல்லைப் பத்திரிகையாளர் எடுத்துப் புத்தகத்துக்குத் தலைப்பாக்கும்போது வேறு வேலை நடக்கிறது. அற்புதம் என்றால் காரணம் கேட்க வேண்டியதில்லை. அல்மண்ட் முதலில் நாலாயிரம் ஐயாயிரம் பொதுமக்களை மட்டும் ஏற்றச் சம்மதித்திருந்தார். அந்த எண் ஒரு லட்சத்தை நெருங்கியதற்குப் பின்னால் ஹியூன் பொங்-ஹாக் என்ற கொரிய வைத்தியர், தளபதியின் சிவில் விவகார ஆலோசகர், விடாமல் மன்றாடியது இருக்கிறது. எட்வேட் போனி என்ற மரைன் கேணல் அவருக்குத் துணைநின்றது இருக்கிறது. இவர்களைக் கில்பேட் மறைக்கவில்லை, சொல்லத்தான் செய்கிறார். ஆனால் தலைப்பு அவர்களை விழுங்கிவிடுகிறது. அத்தோடு, அந்தச் சனம் எதற்குப் பயந்து ஓடியது என்ற கேள்வியில் அணுகுண்டுப் பயமும் விமானக் குண்டுவீச்சும் ஒரு பங்கு என்பதையும் விழுங்கிவிடுகிறது. குண்டு போட்டதும் கப்பல் விட்டதும் ஒரே நாடு. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை யாருக்கு வரும் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, சரக்கறைக்குள் இருந்தவர்கள் ஒன்றுமே எழுதவில்லையா என்று நண்பரொருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவர்கள் பாடினார்கள். 1953 இல், யுத்தம் ஓய்ந்த ஆண்டிலேயே, ஹியூன் இன் என்ற பாடகர் பாடிய 'தைரியமாயிரு, கம்சுன்' என்ற பாட்டுத் தென்கொரியா முழுவதும் பரவியது. ஹங்நாம் துறையில் கம்சுன் என்ற பெண்ணைத் தொலைத்துவிட்டுத் தெற்கே வந்து பூசானில் அலையும் ஒருவன் பாடுவது. அதை என் கொரிய நண்பர் தன் தொலைபேசியில் போட்டுக் காட்டினார். பழைய சினிமாப் பாட்டு மாதிரி ஒரு துள்ளல் மெட்டு. சோகப்பாட்டென்று சொன்னால்தான் தெரியும். கப்பலின் பெயர் பாட்டில் இல்லை, கப்டனும் இல்லை. கப்பல்காரர்களின் எழுத்தில் 14,000 பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்திக்கும் பெயர் ஞாபகமில்லை. பாட்டில் ஒருத்தி மட்டும் இருக்கிறாள், அவள் கப்பலிலேயே இல்லை. அதனால்தான் அவளுக்குப் பெயர் தேவைப்பட்டது. கூட்டத்துக்குள் கத்திக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும்.

2014 இல் வந்த 'குக்ஜே சந்தை' என்ற திரைப்படம் (இயக்கியவர் யூன் ஜே-கியூன்) இந்தப் பாட்டின் வழியில்தான் போகிறது. தொடக்கத்தில் ஹங்நாம். சிறுவன் ஒருவன் தங்கச்சியை முதுகில் சுமந்துகொண்டு கப்பலில் தொங்கும் வலையில் ஏறுகிறான். கீழிருந்து யாரோ இழுக்க, தங்கச்சி போய்விடுகிறாள், அவளுடைய சட்டைக்கை மட்டும் மிச்சம். தகப்பன் அவளைத் தேடி இறங்குகிறார், திரும்பி வரவில்லை. ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தப் படத்தைத் தியேட்டர்களில் பார்த்தார்கள். படத்தின் மீதிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. பொருளாதாரத்தைக் கட்டியெழுப்பிய தலைமுறைக்கு மாலை போடுவதில் இயக்குநருக்கு இருந்த அவசரம், அந்தத் தலைமுறையை அடித்து நொறுக்கிய ஆட்சிகளைப் பார்க்க இருக்கவில்லை. கொரியாவிலும் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. ஆனால் அந்த வலையில் ஏறும் காட்சியில் கமரா நிற்கும் இடம் சரி. அது சிறுவனின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. கப்பல் ஒரு இரும்புச் சுவராகத்தான் தெரிகிறது.

அதே படத்தில் 1983 வருகிறது. அந்த வருடம் ஜூன் 30 தொடங்கி கே.பி.எஸ். தொலைக்காட்சி பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியொன்றை 138 நாட்கள் ஒளிபரப்பியது. மார்பில் மட்டையைக் கட்டிக்கொண்டு, பெயர், ஊர், பிரிந்த இடம் எழுதி, சனங்கள் தொலைக்காட்சி நிலையத்தைச் சுற்றி நின்றார்கள். பத்தாயிரம் குடும்பங்களளவில் சேர்ந்தன. 1983 ஜூலை என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம். நான் அப்போது பிறக்கவேயில்லை, ஆனாலும் அந்த மாதத்தின் பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அங்கே ஒரு சனம் முப்பது வருடத்துக்கு முன் தொலைத்தவர்களைக் கண்டு கட்டிப்பிடித்து அழுத அதே கிழமைகளில், கொழும்பில் எங்கள் சனம் அகதி முகாம்களில் நின்று வடக்கே போகக் கப்பல் ஏறியது. அந்தக் கப்பல்களின் மாலுமிகளோ ஏறியவர்களோ எழுதிய புத்தகமொன்று என் கைக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு இனிப்பு.

தென்கொரியாவின் ஜனாதிபதியாக 2017 முதல் 2022 வரை இருந்த மூன் ஜே-இன்னின் பெற்றோர் மெரடித் விக்ரறியில் வந்தவர்கள். அவர் பிறந்தது 1953 இல் கோஜே தீவில். 2017 ஜூனில் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது, வேர்ஜீனியாவில் ஜாங்ஜின் யுத்த நினைவுச்சின்னத்தின் முன்னால் பேசினார், லணியையும் சந்தித்தார். அந்தப் பேச்சில் தாய் சொன்ன ஒரு விடயத்தைக் குறிப்பிட்டார். டிசெம்பர் 24 ஆந் திகதி கப்பலில் அமெரிக்கர்கள் நத்தார்ப் பரிசென்று ஆளுக்கொரு இனிப்பைக் கொடுத்தார்களாம்.

மாலுமிகளோ கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்கிறார்கள். 47 பேருக்குச் சாமான் ஏற்றிய கப்பலில் 14,000 இனிப்பு எங்கிருந்து வந்தது? பூசானில் கொஞ்சம் சாப்பாடு ஏற்றினார்கள், அப்போது வந்திருக்கலாம். யாரோ ஒரு மாலுமி தன் பெட்டியைத் திறந்து கைக்கெட்டியவர்களுக்குக் கொடுத்திருக்கலாம், அந்தக் கைகளில் ஒன்று மூன்னின் தாயுடையதாக இருந்திருக்கலாம். மேற்தளத்தில் நின்றவனுக்கு அது கணக்கில் வராத சிறு காரியம், ஐம்பது வருடத்தில் மறந்துபோனான். வாங்கியவளுக்கு அதுதான் முழுப் பயணமும். எனக்குக் கிடைத்ததென்று சொல்ல அவளுக்குக் கூச்சமாயிருந்திருக்கும், ஆளுக்கொன்று என்றாக்கிவிட்டாள். இது என் ஊகம்தான். ஆனால் இந்த எழுத்துக்கள் அனைத்திலும் சரக்கறைக்குள்ளிருந்து நேராக வந்த ஒரே பொருள் அந்த இனிப்பு என்று எனக்குப் படுகிறது.

அதுவும் எப்படி வந்தது என்று பாருங்கள். மகன் ஜனாதிபதியான பிறகு, அமெரிக்க மண்ணில், நன்றி சொல்லும் மேடையில் வந்தது. அகதியின் ஞாபகத்துக்கு மேடை கிடைக்கவேண்டுமென்றால் அது நன்றியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. விசா நேர்காணலில் நாங்கள் சொன்ன கதைகள் வேறு, குசினியில் சொல்பவை வேறு, சொல்லாமல் வைத்திருப்பவை வேறு. மூன்னின் தாய் 2019 இல் இறந்தார். அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னர், 2004 இல், கும்காங் மலையில் நடந்த குடும்பச் சந்திப்பில் வடக்கிலே விட்டுவந்த தங்கையைக் கண்டார். மகனும் கூடப் போனார். இனிப்பைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு மகன் இருந்தான். அந்தச் சந்திப்பில் அக்காவும் தங்கையும் என்ன பேசினார்கள் என்பதையும் அந்தத் தாயே எழுதியிருந்தால் அதுதான் மெரடித் விக்ரறியின் முழு வரலாறாக இருந்திருக்கும். கப்பலுக்கு 1960 இல் அமெரிக்கக் காங்கிரஸ் 'வீரக் கப்பல்' என்ற பட்டம் கொடுத்தது. தனியொரு கப்பல் அதிகம் பேரை மீட்ட சாதனையென்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிறகு வியட்நாம் யுத்தத்துக்கும் ஓடி, 1993 இல் பழைய இரும்பாகச் சீனாவுக்குப் போனது.

எங்கள் பக்கம் திரும்பினால் நிலைமை பெரிதாக வேறில்லை. 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தவர்களை நாங்களே இன்றுவரை '155 பேர்' என்றுதான் சொல்கிறோம். அவர்களைக் கண்டு மீட்ட மீன்பிடிகாரர் கஸ் டால்ரனின் பெயர் எங்களுக்குத் தெரியும், அவருக்கு விழா எடுத்தோம், எடுக்கவேண்டியதுதான். 2010 இல் சண் சீ கப்பலில் கனடாவுக்குப் போனவர்கள் '492 பேர்'. வழக்கு, தீர்ப்பு, ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாவற்றிலும் அந்த எண். அந்தக் கப்பலின் அடித்தட்டில் யார் யாருக்குப் பக்கத்தில் படுத்தார்கள், தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள், யாருடைய பிள்ளை அழுததற்கு யார் ஏசினார்கள் என்று ஒருவர் எழுதினால், மொழி எப்படியிருந்தாலும் நான் வாசிப்பேன்.

நானும் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 வீதி பூட்டப்பட்டபின் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறுவதென்றால் விமானம், இல்லாவிட்டால் திருகோணமலைக்குக் கப்பல். 2008 இல் எனக்குக் கிளியரன்ஸ் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அலுவலை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். கம்பஸ் நோட்ஸ் கொப்பிகளை மேசையில் அடுக்கிவைத்துவிட்டுத்தான் வந்தேன். என் துண்டில் இருந்த இலக்கம் 117 என்று ஞாபகம், 171 ஆகவும் இருக்கலாம். முன்னால் நின்ற ஐயாவின் செருப்பில் ஒரு வார் நீலம், ஒரு வார் பச்சை. கடலில் ஏறியதும் சத்தியெடுத்தேன், பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் தன்னுடைய சொப்பிங் பையைக் கவிழ்த்துச் சாமானைக் கொட்டிவிட்டுப் பையை என் வாய்க்கு நேரே பிடித்தார். தம்பி, கீழை பார்க்காதை, தூரத்தைப் பார் என்றார். அவருடைய பெயரைக் கேட்கவில்லை. கப்பலின் பெயர் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. அப்பா 2013 இல் காலமானார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, என் கொரிய நண்பரிடம் அவருடைய அம்மம்மா வந்தது மெரடித் விக்ரறியிலா என்று கேட்டேன். எனக்கு ஒரு ஆசை, அப்படி அமைந்துவிட்டால் கட்டுரை நன்றாக வரும் என்று. அவருக்குத் தெரியவில்லை. ஊரிலுள்ள தாயைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். குசினிக்குள் சத்தமாயிருந்தது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். பிறகு வந்து சொன்னார்: எந்தக் கப்பல் என்று அம்மாவுக்கும் தெரியாதாம். ஹங்நாமிலிருந்து எத்தனையோ கப்பல் போனது. அம்மம்மா கப்பலைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லையாம். ஒரு தையல் மெஷின் தலையைத் தூக்கிக்கொண்டு வந்ததாகவும், அதைத் தூக்க ஒரு கை போனதால் தங்கச்சியைப் பிடிக்க ஒரு கைதான் இருந்ததாகவும் மட்டும் சொல்லுவாராம்.

மெஷின் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார், தன்னுடைய அக்கா வீட்டில்.